எழுதினவர் சொல்றாரு

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நண்பர்களோடு கொஞ்சம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்த கொர்னேலியஸ், சட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக அடுப்படிக்குப் போய்க் குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்கினார். சட்டி பளபளவென்று காலியாக இருந்தது. சோற்றுக் குண்டான் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆண்டர்சன்பேட்டையில் அந்தத் தெரு முழுக்க மட்டன் குழம்பு வாசனை. அவர் வீட்டில் மட்டும் பினாயில் வாசனை.

அவர் மனைவி ஆனி கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்து, முறுக்கு தின்றபடி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஆனி, ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் கீறேன். இன்னிக்கி எனக்கு லீவு."

"லீவா? யாரு குடுத்தது?"

"நீங்கதான். நேத்து ஆபீஸ்ல அத்தினி பேரு முன்னால எழுந்து நின்னு சொல்லிட்டு வந்தீங்களே."

கொர்னேலியஸ் சொன்னது உண்மைதான். ஆனால் அதை அவர் ஆபீஸுக்காகச் சொன்னார், வீட்டுக்காக அல்ல. ஆபீஸில் சொன்னதையெல்லாம் வீட்டில் செய்வதென்றால் உலகத்தில் யார் பிழைக்க முடியும்?

எல்லாம் புது மேனேஜரால் வந்த வினை. பெங்களூருக்குப் பக்கத்தில் வாகன உதிரிபாகங்கள் விற்கும் கம்பெனி ஒன்றில் கொர்னேலியஸ் ஸ்டோர் சூப்பர்வைசர். தினமும் விடியற்காலை கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போய், இருட்டிய பிறகு திரும்பி வருகிறவர். அங்கே புதிதாக வந்த இளவட்ட மேனேஜர், தொழிலாளிகளுக்குச் சம்பளத்தைவிட அறிவு முக்கியம் என்று முடிவு செய்துவிட்டார். சனிக்கிழமை தோறும் கூட்டம். உழைப்பைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் எழுத்தாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஆளுக்கு ஒரு புத்தகம் படித்துவிட்டு வந்து நாலு வார்த்தை பேச வேண்டும். ரிசப்ஷனில் இருக்கும் சுனிதா, பங்காருப்பேட்டைப் பெண், எல்லோருக்கும் துணிப்பையில் போட்டுப் புத்தகம் கொடுத்தாள்.

கொர்னேலியஸ் தன் வாழ்நாளில் முழுசாகப் படித்தது சரக்கு வந்த ரசீதுகளையும் கோயில் பாட்டுப் புத்தகத்தையும்தான். ரயிலில் படிக்கலாமே என்றால், ரயில் அவருக்குத் தூங்குவதற்காகக் கர்த்தர் கொடுத்த இடம். ஆகவே பையை அப்படியே ஆனியிடம் கொடுத்துவிட்டார். ஆனி கான்வென்ட்டில் படித்தவள். பூசையில் வாசகம் வாசிக்கிறவள். அவள் படித்துச் சாரத்தைச் சொன்னால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

சனிக்கிழமை காலை டிபன் டப்பாவை மூடிக்கொண்டே ஆனி சாரத்தைச் சொன்னாள். வெளியே வேலை செய்கிறவனுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு. வீட்டில் வேலை செய்கிறவளுக்கு ஆயுசு முழுக்க ஓய்வு கிடையாது. ஓய்வே இல்லாத வேலைக்கு வேலை என்று பேரில்லை, ஜெயில் என்று பேர்.

கொர்னேலியஸ் அதை ரயிலில் மனப்பாடம் செய்து கூட்டத்தில் ஒப்பித்தார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. வீட்டில் இதைக் கடைப்பிடிக்கிறீர்களா என்று மேனேஜர் கேட்க, கைதட்டல் மயக்கத்தில் கொர்னேலியஸ் இங்கிலீஷிலேயே "டெஃபனட்லி சார்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெருமையை ராத்திரி வந்து ஆனியிடமும் சொன்னார். அதுதான் தப்பு.

அந்த ஞாயிறு மதியம் பேக்கரியில் நின்றுகொண்டு பன்னைத் தின்றபோது அவருக்கு அந்த எழுத்தாளர் மீது கோபம் கோபமாக வந்தது. ஃபேனுக்கடியில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு உழைப்பைப் பற்றி என்ன தெரியும்? கொர்னேலியஸின் அப்பா தங்கச் சுரங்கத்துக் கேஜில் நின்று பூமிக்கடியில் எத்தனையோ லெவல் இறங்கி வேலை செய்தவர். ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் தட்டில் சூடாகச் சோறு இருக்கும். எந்த எழுத்தாளனாவது வந்து அவர் சோற்றில் கை வைத்தானா?

திங்கட்கிழமை அவர் சுனிதாவிடம் வேறு எழுத்தாளர் வேண்டும் என்று கேட்டார். கொஞ்சம் கண்டிப்பான ஆளாக இருந்தால் நல்லது என்றார். சுனிதா தடிமனான ஒரு புத்தகத்தைக் கொடுத்தாள். அட்டையில் கோட்டும் டையும் போட்ட ஒரு கிழவர், உலகமே தனக்குக் கீழே வேலை பார்ப்பதுபோல முறைத்துக்கொண்டிருந்தார். கொர்னேலியஸுக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் நிம்மதி.

சனிக்கிழமை காலை ஆனி பெருமூச்சு விட்டாள்.

"இந்த ஆளு அவுரைவிட மோசங்க. வேணாம், நா சொல்லமாட்டேன்."

"சொல்லும்மா, ரயிலுக்கு நேரமாவுது."

"தன் வூட்ல உப்பு எங்க கீதுன்னு தெரியாதவன் அந்த வூட்டுக்காரனே இல்லியாம். விருந்தாளியாம். விருந்தாளி எத்தினி வருஷம் தங்குவான்னு கேக்கறாரு. நா கேக்கல, எழுதினவர் கேக்கறாரு."

கொர்னேலியஸ் கொதித்துப் போனார். ஆனால் ரயில் கிளம்பிவிடும், கூட்டத்தில் சொல்ல வேறு எதுவும் கையில் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அதையே சொன்னார். மேனேஜர் உடனே அங்கிருந்த ஆண்களை ஒவ்வொருவராக எழுப்பி, உங்கள் வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. மேனேஜர் வெளியே போய்த் தன் வீட்டுக்கே போன் போட்டுவிட்டு, முகம் சிறுத்துத் திரும்பி வந்தார். கொர்னேலியஸைப் போல ஒரு மனிதர் நமக்கு வழிகாட்ட வேண்டும் என்று தழுதழுத்தார்.

வீட்டில் ஆனி ஷிப்ட் போட்டுவிட்டாள். பகலெல்லாம் ஊரில் இல்லாதவருக்கு ராத்திரிப் பாத்திரமும், விடியற்காலைத் தண்ணீர் பிடிப்பதும். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஜனங்கள் பார்க்க, கொர்னேலியஸ் இடுப்பில் குடத்தோடு டேங்கர் லாரி வரிசையில் நின்றார். நர்சிங் படிக்கும் மகள் ஆஷ்லிக்கு ஹாஸ்டலுக்குப் போன் செய்து, அம்மாவுக்கு நீயாவது புத்தி சொல் என்றார். அவள் கேட்டுவிட்டு, "டாடி, குடத்த நல்லா வெளக்கிட்டுப் புடிங்க" என்று வைத்துவிட்டாள்.

அவர் கடைசி நம்பிக்கையாகத் தாடி வைத்த ஒரு சாமியாரின் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். ஆசையை விடு, கடமையைச் செய், வாயை மூடு என்றுதானே சாமியார்கள் எழுதுவார்கள். ஆனால் ஆனி சொன்ன சாரத்தில் சாமியாரும் கையை விரித்துவிட்டார். ஒரு பெண்பிள்ளை வாழ்க்கையில் ஒரு தடவையாவது, யாருக்கும் சமைத்து வைக்காமல், தனக்காக ஒரு பயணம் போய்வர வேண்டுமாம். போகாதவள் செத்தால் அவள் ஆத்மா அடுப்படியிலேயே சுற்றுமாம்.

"இது வேதத்துக்கே விரோதம்" என்றார் கொர்னேலியஸ்.

"நானும் அதான் நெனச்சேன். ஆனா தாடியப் பாத்தா பெரிய மனுஷரா கீறாரு" என்றாள் ஆனி. அடுத்த வாரம் கோயில் பெண்களோடு வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அவள் இல்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை கொர்னேலியஸ் உப்பைத் தேடினார். அது பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் சோறு அடிப்பிடித்துவிட்டது. சட்டியைச் சுரண்டிக்கொண்டிருக்கையில் பால் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் தண்ணீர் லாரி போய்விட்டிருந்தது. துவைத்த துணி மழையில் நனைந்துகொண்டிருந்தது. இத்தனையும் ஒரே காலைக்குள். அவர் முக்காலியில் உட்கார்ந்து, இதையெல்லாம் இவள் தினமும் எப்படிச் செய்கிறாள் என்று ஒரு கணம் யோசித்தார். யோசிக்க யோசிக்க, அவள் எப்போது வருவாள் என்றிருந்தது. அதை அவர் எழுத்தாளர்கள் மேலிருக்கும் கோபம் என்றே எடுத்துக்கொண்டார். இவ்வளவு வேலை இருக்கிறது என்று தெரிந்தும் ஒரு மனுஷியை வெளியூர் போகச் சொல்லியிருக்கிறார்களே, இவர்களுக்கு மனசாட்சி உண்டா?

ரயிலில் அதைவிடப் பெரிய அடி காத்திருந்தது. வழக்கமாக அவருக்கு ஜன்னலோரத்தில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைப்பவர், அதே ஸ்டேஷனில் ஏறும் தங்கவேலு. அன்று ஜன்னலோரத்தில் கைக்குட்டை இல்லை. தங்கவேலு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டியே கொர்னேலியஸை முறைத்தது.

"இன்னா தங்கவேலு, ஏன் ஒரு மாதிரியா கீறே?"

"உன்னால ஞாயித்துக்கெழம நா பன்னு துன்னேன்யா" என்றார் தங்கவேலு. "எங்க வூட்டு பார்வதம்மா எனக்கு லீவுன்றா. எவன் சொன்னான்னு கேட்டா, கொர்னேலியஸ் சார் சொன்னாராம்."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. எழுத்தாளர்கள் சொன்னதையெல்லாம் ஆனி கோயிலிலும் தண்ணீர் வரிசையிலும் சொல்லியிருக்கிறாள். அங்கிருந்து அது வீடு வீடாகப் போயிருக்கிறது. பெட்டியில் இருந்த பாதிப் பேர் பன் தின்றவர்கள். மீதிப் பேருக்கு ஷிப்ட் போடப்பட்டிருந்தது. ஒருவருடைய மனைவி திருப்பதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். கொர்னேலியஸ் தானும் அவர்களைப் போலப் பாதிக்கப்பட்டவன்தான் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் கதவோரம் நின்றுகொண்டே போனார். தூக்கமும் போயிற்று.

வெள்ளிக்கிழமை மேனேஜர் ஒரு நல்ல செய்தி என்றார். முதல் புத்தகத்தை எழுதிய எழுத்தாளரே சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறார். வாசகர்களின் சார்பில் கொர்னேலியஸ் பேச வேண்டும். புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு வந்தால் கையெழுத்து வாங்கலாம்.

கொர்னேலியஸ் அதை ரயிலில் சொன்னதும் தங்கவேலு எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வா, அப்போதுதான் இந்த இடம் உனக்கு நிரந்தரம் என்று எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள்.

மறுநாள் காலை, வேளாங்கண்ணியிலிருந்து களைத்தும் வெயிலில் கறுத்தும் திரும்பியிருந்த ஆனி தூங்கிக்கொண்டிருந்தாள். மூலையில் கிடந்த துணிப்பையை எடுத்துக்கொண்டு கொர்னேலியஸ் போருக்குப் போவதுபோலக் கிளம்பினார்.

எழுத்தாளர் ஒல்லியாக, கதர் ஜிப்பா போட்டுச் சாதுவாக இருந்தார். முன்வரிசையில் மேனேஜர். பின்னால் பாக்கிங் பகுதிப் பெண்கள் எல்லோரும் வந்து நின்றிருந்தார்கள். கொர்னேலியஸ் எழுந்து மைக்கைப் பிடித்தார். மனப்பாடம் செய்து வைத்திருந்த வணக்கம் மறந்து போயிற்று. பாதி கன்னடமும் பாதி தமிழுமாகக் கொட்டித் தீர்த்துவிட்டார். நீங்கள் எழுதினதால் எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரிவதில்லை. அதிகாரிகளுக்கு வேண்டுமானால் எழுதுங்கள், ரயிலில் தொங்கிக்கொண்டு போய்வரும் ஜனங்களின் சோற்றில் ஏன் கை வைக்கிறீர்கள். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு லீவு கொடுக்க நீங்கள் யார் என்று கேட்டார். மேனேஜரின் முகம் வெளிறியது.

"ஒரே ஒரு கேள்வி சார்" என்று முடித்தார். "வூட்டு வேலை செய்யறவளுக்கு வாரத்துல ஒரு நாள் லீவு, இல்லாட்டி அது ஜெயிலுன்னு நீங்க எழுதினீங்களா, இல்லையா?"

எழுத்தாளர் கண்ணாடியைக் கழற்றினார். மேனேஜரைப் பார்த்தார். தன் புத்தகத்தை மனசுக்குள் புரட்டுகிறவர்போலக் கூரையைப் பார்த்தார். அதற்குள் பின்னால் ஒரு பெண் கை தட்டினாள். இன்னொருத்தி தட்டினாள். பிறகு பாக்கிங் பகுதியே தட்டியது. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எழுத்தாளர் மெல்ல எழுந்தார்.

"எழுதினேன்" என்றார். "அந்த அத்தியாயத்தை எழுதும்போது நான் அழுதுவிட்டேன். என்னைத் திட்டுங்கள், பரவாயில்லை. உண்மையை எழுதினவன் திட்டு வாங்கத்தான் வேண்டும்."

கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. மறுப்பார், மழுப்புவார், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்றிருந்த கொர்னேலியஸுக்கு அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. தோற்றுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுத்தாளர் அவர் தோளைத் தட்டி, இப்படிக் கோபம் வரும் அளவுக்கு ஆழ்ந்து படித்த ஒரு வாசகரைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். அந்த வரிகள் இருக்கும் பக்கத்திலேயே தன் கையெழுத்தைப் போட்டுத் தருவதாகச் சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

சுனிதா ஓடிவந்து கொர்னேலியஸின் துணிப்பையை வாங்கினாள். உள்ளே கையை விட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, மைக் இன்னும் அணையாமல் இருப்பது தெரியாமல் கேட்டாள்.

"எந்தப் பக்கத்துல சார் கையெழுத்து வாங்குறது? மூணு புஸ்தகத்துலயும் கடைக்காரங்க போட்ட பிளாஸ்டிக் உறையையே இன்னும் யாரும் பிரிக்கலையே."