முதுகில் பதினான்கு எழுத்து

"அண்ணா, 'மூர்'ங்கிறதோட முதுகு முடிஞ்சு போச்சு" என்றாள் விமலா, தொலைபேசியில்.

ஈஸ்வரமூர்த்தி அலுவலகக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முடிஞ்சு போச்செண்டால்?"

"இன்னும் டி, எச், ஒய்னு மூணு எழுத்து மிச்சமிருக்கு. முதுகு மிச்சமில்லை. இதுக்கு மேல தைச்சா அக்குளுக்குள்ள போயிடும். என்ன பண்ணட்டும்?"

டண்டினோங் கடைத்தெருவில் உடுப்புத் திருத்திக் கொடுக்கும் கடை வைத்திருந்தவள் விமலா. கோயம்புத்தூர்க்காரி. மெஷினில் எழுத்துத் தைப்பதில் கெட்டிக்காரி. அவளே கையை விரித்தால் மெல்பேர்னில் வேறு யாரிடம் போவது?

"கொஞ்சம் பொறு பிள்ளை. வீட்டில கேட்டுப்போட்டுச் சொல்லுறன்."

விஷயம் இதுதான். அவருடைய மகள் தர்மினிக்குப் பதினேழு வயது. ஐஸ் தரையில் இருபது கிலோக் கல்லை வழுக்கிவிட, அதற்கு முன்னால் இரண்டு பேர் தும்புத்தடி போன்ற ஒன்றால் ஐஸைத் தேய்த்துக்கொண்டே ஓடுவார்களே, கேர்லிங் என்ற அந்த விளையாட்டில் அவள் ஆஸ்திரேலிய இளையோர் அணிக்குத் தெரிவாகியிருந்தாள். ஜப்பான், கொரியா, நியூசிலாந்து எல்லாம் வருகின்றன. சனிக்கிழமை முதல் ஆட்டம்.

"குசினியைக் கூட்டடி எண்டால் கூட்டமாட்டாள். ஐஸைக் கூட்டப் பிளேன் பிடிச்சு வாறாங்களாம், அவங்களோட போட்டி" என்றுதான் மனைவி பவளம் அந்தச் செய்தியை உறவினருக்கெல்லாம் அறிவித்தாள்.

அணிகளுக்கான விதிகள் என்று ஒரு தாள் வந்திருந்தது. ஒவ்வொருவருடைய ஜக்கெற்றின் முதுகிலும் குடும்பப் பெயர் இருக்கவேண்டும். பெரிய எழுத்து, ஐந்து சென்ரிமீற்றர் உயரத்துக்குக் குறையக் கூடாது. ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். ஒரு அணியின் ஜக்கெற்றுகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே வெட்டு. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் காட்டி ஒப்புதல் வாங்காதவர் விளையாட முடியாது.

மற்றப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஒருத்தி லீ, ஒருத்தி ஹோல்ட், ஒருத்தி பேர்ன்ஸ். தர்மினிக்கு ஈஸ்வரமூர்த்தி. ஆங்கிலத்தில் பதினான்கு எழுத்து.

சரியாகப் பார்த்தால் அது குடும்பப் பெயரே அல்ல. அவருடைய அப்பா பொன்னம்பலம் நல்லூருக்குப் போய் வந்து மகனுக்கு ஆசையாக வைத்த பெயர். விசாப் படிவத்தில் எந்தப் பெட்டிக்குள் எதை எழுதுவது என்று தெரியாமல் எழுதப்போய், அது மனைவிக்கும் மகளுக்கும் தலையில் ஏறிவிட்டது.

அதற்காக அவர் பதினேழு வருடமாக உலகத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். டொக்டரிடம் போனால், தாதி தாளோடு வெளியே வந்து, பார்த்து, மூச்சை இழுப்பாள். அவள் வாயைத் திறப்பதற்குள் இவர் எழுந்து நின்றுவிடுவார். அலுவலகத்தில் முதல் நாளே மேலாளர், "உங்களை எடி என்று கூப்பிடலாமா?" என்று கேட்டார். "மிகவும் நன்றி" என்றார் இவர். அன்றிலிருந்து அங்கே அவர் எடி.

தர்மினிக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அலுவலகத்திலிருந்து யாரோ வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "எடி இருக்கிறாரா?" என்று கேட்டிருக்கிறார்கள். "அப்படி ஒருவரும் இங்கே இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டாள். அது தன் பெயர்தான் என்று பிள்ளைக்கு விளங்கட்டும் என்று, ஒரு துண்டில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டினார். அடுத்த நாள் துண்டைக் காணவில்லை. காற்றுக்குப் பறந்திருக்கும் என்று நினைத்தார்.

விமலாவின் அழைப்பு வந்த அன்று பின்னேரம் மகளிடம் மெல்லக் கதையை எடுத்தார்.

"பிள்ளை, வெறும் மூர்த்தி எண்டு போட்டால் என்ன? ஏழு எழுத்து. வடிவாயிருக்கும்."

"நோ, அப்பா."

"ஏன்?"

"ரூல். பாஸ்போட்டில இருக்கிற மாதிரி ஃபுல் நேம்."

"கேட்டுப் பாக்கேலாதோ?"

"ரூல் எண்டால் ரூல், அப்பா."

ரூல் என்ற சொல்லுக்கு ஈஸ்வரமூர்த்தி பணிந்து போகாத நாள் கிடையாது. விமலாவுக்கு எடுத்து, எழுத்தை ஒடுக்கித் தைக்கச் சொன்னார். உயரம் ஐந்து சென்ரிமீற்றர் இருக்கட்டும், அகலத்தைக் குறை என்றார்.

புதன்கிழமை ஜக்கெற்றோடு மகளை ஏற்றிக்கொண்டு ஐஸ் அரங்குக்குப் போனார். கார்த் தரிப்பிடத்தில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தார். கருமபீடம், கவுண்டர் என்று எதிலும் போய்க் கேள்வி கேட்பது அவருக்கு ஒத்துவராது. தர்மினி தனியாகப் போய், பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னவை?"

"அங்க மார்கரெட் எண்டு ஒரு அன்ரி இருக்கிறா. அவதான் எல்லாம் செக் பண்ணுறது. கண்ணாடியை மாத்திப் போட்டுப் பாத்திட்டு, இது பார்கோடா எண்டு கேக்கிறா."

எழுத்தெல்லாம் பிரித்தாயிற்று. அடுத்த யோசனை பவளத்துடையது. முதுகில் இடமில்லை என்றால் கையில் இருக்கிறதே? இடது கையில் முதல் எழுத்து, வலது கையில் கடைசி இரண்டு எழுத்து, நடுவில் மிச்சம். விமலா அன்றே தைத்து அனுப்பினாள். தர்மினி அதைப் போட்டுக்கொண்டு வரவேற்பறையில் நிற்க, இருவரும் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். நேராக நின்றபோது அற்புதமாக இருந்தது.

"இப்ப கல்லு விடுற மாதிரிச் செய் பிள்ளை."

அவள் ஒரு முழங்காலை மடித்து, கையை முன்னே நீட்டி, வழுக்கிப் போவது போலப் பதிந்தாள்.

"ஐயோ, ஈ பறந்து போச்சுதப்பா!" என்றாள் பவளம்.

உண்மைதான். கையோடு சேர்ந்து இங்கிலிஷ் ஈ முன்னால் போய்விட்டது. மற்றக் கையில் இருந்த இரண்டு எழுத்தும் விலாவுக்குக் கீழே ஒளிந்துகொண்டன.

வியாழக்கிழமை காலை விமலாவே வழி சொன்னாள்.

"பெயரைச் சின்னது பண்ண முடியாது. அப்போ முதுகைத்தான் பெரிசு பண்ணணும். எங்க வீட்டுக்காரர் மீன் குளிர்பதனக் கிடங்குல வேலை பாக்கிறாரில்ல? அங்க வேலையாட்களுக்குன்னு புது ஜாக்கெட் கட்டுக் கட்டா வந்திருக்கு. ஒவ்வொண்ணும் கூடாரம் மாதிரி. பதினாலு என்ன, அண்ணா, இருபது எழுத்து போகும்."

"நிறம்?"

"மஞ்சள்."

"எப்பிடி மஞ்சள்?"

"தூரத்துல வர்ற லாரிக்காரன் பிரேக் போடுற மஞ்சள்."

ஒரே நிறம், ஒரே வெட்டு என்பது விதி. ஒருத்திக்கு மஞ்சள் என்றால் ஐந்து பேருக்கும் மஞ்சள். ஈஸ்வரமூர்த்தி ஒவ்வொரு வீட்டுக்கும் போனார். வாசலில் நின்று, தன் பெயரால் ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பிள்ளைகளின் நீல ஜக்கெற்றுகளுக்குப் பதிலாக மஞ்சள் கூடாரங்களைக் கொடுத்தார். அவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். பிள்ளைகளோ குதித்தார்கள். லீ தன் கூடாரத்துக்குள் கைகால்களை எல்லாம் இழுத்துக்கொண்டு ஆமை போலப் படியில் உட்கார்ந்து காட்டினாள்.

வெள்ளி நாலு ஐம்பதுக்குத் தர்மினி அரங்குக்குள்ளிருந்து ஓடி வந்து கார்க் கண்ணாடியில் தட்டினாள்.

"பாஸ்!"

அவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை அணி உள்ளே நுழைந்தபோது, வாசலில் நின்ற காவலாளி ஐந்து மஞ்சள் பிள்ளைகளையும் மேலும் கீழும் பார்த்து, "மீன் பெட்டி எல்லாம் பின்கதவால்" என்றார். பயிற்றுநர் கொலின் வந்து விளக்கவேண்டியிருந்தது.

ஆனால் முதுகு! ஜப்பானுக்கு எதிராகத் தர்மினி முதற்கல்லை விடக் குனிந்தபோது, பதினான்கு எழுத்தும் தோளிலிருந்து தோளுக்கு ஒரே நேர்கோட்டில் படுத்திருந்தன. பவளம் மூக்கை உறிஞ்சினாள். ஈஸ்வரமூர்த்தி சுற்றுமுற்றும் பார்த்தார். பின்வரிசையில் ஒரு கிழவர் உதட்டை அசைத்து அந்தப் பெயரை வாசிக்கப் பாடுபடுவதைக் கண்டு, அவரிடமும் ஒரு மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தார்.

மூன்றாவது கல்லிலேயே வினை தொடங்கியது. தர்மினி தேய்த்துக்கொண்டு ஓடும்போது கூடாரத்தின் தொங்கல் போய் ஓடும் கல்லில் உரசியது. அவள் உடனே கையைத் தூக்கினாள். கல்லை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"ஒருத்தரும் காணேல்லையே. ஏன் கையைத் தூக்கினவள்?" என்று பவளம் கேட்டாள்.

"இந்த விளையாட்டில அப்பிடித்தான். பட்டால் பட்டவளே சொல்லவேணும்."

"இவளுக்கு ஏற்ற விளையாட்டுத்தான். இடிச்சாலும் மறிச்சாலும் தான் பிடிச்சதுதான் சரி எண்டு நிப்பாள்."

இன்னும் இரண்டு கல் அப்படிப் போயிற்று. பவளம் பொறுக்கவில்லை. இடைவேளையில் கைப்பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய், தடுப்புக்கு மேலால் மகளைப் பிடித்து, கூடாரத்தை முன்பக்கமாக மடித்து மடித்து ஒன்பது சட்டைப்பின் குத்தினாள். சேலைக்குக் குத்தும் அனுபவம். அசையாது என்றாள்.

எட்டு அசையவில்லை.

ஜப்பானிய அணித்தலைவி கடைசிக்கு முந்திய கல்லை விட்டாள். அழகாக, வட்டத்தின் நடுவை நோக்கி அமைதியாக வந்துகொண்டிருந்த கல், பாதி வழியில் திடீரென்று யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டது போலத் திரும்பி, பக்கத்துத் தளத்துக்குப் போய்விட்டது. அரங்கம் உறைந்தது.

"என்ர பின்!" என்றாள் பவளம்.

ஆட்டம் நின்றது. ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் ஐஸில் முழங்காலிட்டுத் தேடின. பக்கத்துத் தளத்தில் விளையாடிய கொரியாவும் நியூசிலாந்தும் வந்து சேர்ந்துகொண்டன. பவளம் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, "அங்காலை, அங்காலை! இல்லை, இஞ்சாலை!" என்று தமிழில் நெறிப்படுத்தினாள். நாலு நாடுகளும் அவள் கை காட்டிய பக்கம் தவழ்ந்தன. கடைசியில் அது ஜப்பானியத் தலைவியின் சப்பாத்தின் அடியிலேயே அப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை அதைத் துடைத்து, தடுப்புவரை வந்து, இரண்டு கையாலும் பவளத்திடம் நீட்டிக் குனிந்து வணங்கினாள். பவளமும் கும்பிட்டாள். ஜப்பான் அந்தக் கல்லைத் திரும்ப விட்டது. ஆஸ்திரேலியா பதினொன்றுக்கு இரண்டு என்று தோற்றது.

அடுத்த ஆட்டம் மூன்று மணிக்கு, நியூசிலாந்தோடு. தர்மினி மஞ்சள் கூடாரத்துக்குள் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றாள். மற்ற நாலு பிள்ளைகளும் அவளைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஈஸ்வரமூர்த்திக்கு அந்தச் சிரிப்புக்கூட நெஞ்சில் குத்தியது. என்ர பெயராலதான் இவ்வளவும், என்று நினைத்தார். பாவம், பிள்ளை ஐஸில் ஓடுவதா, தகப்பனைச் சுமப்பதா?

எழுந்தார்.

"எங்கையப்பா?" என்றாள் பவளம்.

"கேக்கப்போறன்."

"ஆரிட்டை?"

"மார்கரெட்டிட்டை."

பவளம் வாயைத் திறந்தபடி அவர் போவதைப் பார்த்தாள். பதினேழு வருடத்தில் அவர் எந்தக் கருமபீடத்துக்கும் தானாக நடந்து போனதில்லை.

மார்கரெட் வெள்ளைத்தலை மனுசி. முன்னால் ஒரு கோப்பு, பக்கத்தில் அளவுநாடா, தேநீர். ஈஸ்வரமூர்த்தி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒத்திகை பார்த்த ஆங்கிலமெல்லாம் மறந்து, ஒத்திகை பாராத ஆங்கிலம் வந்தது.

"அம்மா, நான் தர்மினியின் அப்பா. விதிகளை மதிப்பவன். சிவப்பு விளக்கில் ஒரு நாளும் போனதில்லை. நூல்நிலையப் புத்தகம் ஒன்றுகூடப் பிந்திக் கொடுத்ததில்லை. ஆனால் உங்களுடைய இந்த விதி அநியாயம்."

தன் வாயிலிருந்து அநியாயம் என்ற சொல் வந்ததைக் கேட்டு அவரே திடுக்கிட்டார். ஆனாலும் நிறுத்தவில்லை.

"அவள் நல்லாய் விளையாடுகிற பிள்ளை. என் பெயர் நீளமாய் இருப்பது அவளுடைய குற்றமில்லை. பழைய நீல ஜக்கெற் ஐந்தும் காரில் இருக்கின்றன. தைக்கிறவள் மெஷினோடு தயாராக இருக்கிறாள். பின்பாதி மட்டும் போதும், ஏழு எழுத்து. அதுவும் கூடாதென்றால் ஒரே ஒரு எழுத்து. அதுவும் கூடாதென்றால் பெயரே வேண்டாம், வெறும் முதுகு. தயவுசெய்து இந்த ஒரு பிள்ளைக்காக உங்கள் விதியைக் கொஞ்சம் தளர்த்துங்கள்."

மூச்சு வாங்கியது. பின்னால் நின்ற நியூசிலாந்துப் பயிற்றுநர் மரியாதையாக ஒரு அடி பின்னே நகர்ந்தார்.

மார்கரெட் கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். அதை ஒருமுறை பார்த்தார், அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு தாளைத் திருப்பி அவர் பக்கமாகத் தள்ளினார். அடியில் தர்மினியின் கையெழுத்து இருந்தது.

"சுருக்கிப் போடலாம் என்று நாங்கள் முதல் நாளே சொல்லிவிட்டோம், ஐயா, அப்பாவின் பெயரில் ஒரு எழுத்துக் குறைந்தாலும் ஐஸில் கால்வைக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவள் உங்கள் மகள்தான்."