எட்டடி உயரத்தில் வெர்னா ஸ்டக்கியின் வீடு

நாகரிகங்கள் நதிக்கரையில் பிறந்தன என்பார்கள். பிறந்த நாகரிகத்தை நகரவிடாமல் பிடித்து வைத்திருக்கும் பெருமை ஒஹாயோ ஆற்றங்கரையில் எங்கள் டில்லர்ஸ் லாண்டிங் ஊருக்கே உரியது. 1858இல் ஒரு நீராவிப் படகு இங்கே தரைதட்டி மூன்று நாள் கிடந்தது. எங்கள் ஊர் வரலாறு அதை ‘வருகை’ என்று பதிவு செய்திருக்கிறது.

இந்தப் பாரம்பரியத்தைக் காக்க ஐவர் குழு உண்டு. எங்கள் பட்டியலில் உள்ள பழைய வீடுகளில் எங்கள் அனுமதி இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. பழம்பொருள் வியாபாரி என்பதால் நானும் அதில் ஒருவன். பாதிரியார் வீட்டுக் கதவின் பச்சை ‘காலத்துக்குப் பொருந்தாத பச்சை’ என்று கண்டுபிடித்துச் சுரண்ட வைத்தவர்கள் நாங்கள்தான். ஐவருக்கும் வீடு குன்றின் மேல். பாரம்பரியம் அங்கிருந்து பார்த்தால்தான் அழகு.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு வெர்னா ஸ்டக்கி வந்தாள். சரக்குப் படகுகளில் முப்பது வருடம் சமைத்தவள். ஆற்றோரம் 1871இல் கட்டிய மரவீடு ஒன்றுதான் அவள் சொத்து.

“வீட்டை எட்டடி தூக்கித் தூண் மேல நிறுத்தணும், அவ்வளவுதான். போன வெள்ளத்துல சமையலறையிலயே கெளுத்தி பிடிச்சேன்.”

“பொரிச்சியா?” என்று அக்கறையோடு விசாரித்தார் தலைவர் மெர்ல் டிட்மார்.

“அடுப்பே தண்ணிக்குள்ள. எங்கேப்பா பொரிக்கிறது?”

மெர்ல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “வெர்னா, 1871ல அந்த வீடு தரையிலதான் இருந்துச்சு.”

“1871ல ஆறும் கீழதான இருந்துச்சு!”

“ஆறு நம்ம பட்டியல்ல இல்ல. அது மேல நமக்கு அதிகாரம் கிடையாது.”

“அப்ப வீடு போயிட்டா எதைய்யா பாதுகாப்பீங்க?”

“நினைவை,” என்றார் மெர்ல். எங்களில் இருவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். ‘வரலாற்றுத் தோற்றம் கெடும்’ என்று மனு தள்ளப்பட்டது. ஐந்து கைகள் உயர்ந்தன. என் கைதான் முதலில்.

“நல்லா இருங்கடா,” என்று வெர்னா எழுந்து போனாள்.

ஏப்ரலில் ஆறு அனுமதி கேட்காமல் வந்தது. வெர்னாவைப் படகில் ஏற்றிக் கரைசேர்த்தார்கள். வீடு யாருக்கும் காத்திராமல் ஆற்றோடு அக்கரைக் கென்டக்கிப் பக்கம் புறப்பட்டுவிட்டது. ஊர் வரலாற்றில் அதை ‘இடமாற்றம்’ என்று பதிவு செய்தோம்.

ஜூன் மாதம் அந்தக் காலி மனையில், கான்கிரீட் தூண் உச்சியில், வெண்கலப் பலகை திறந்தோம்: ‘இங்கே ஸ்டக்கி இல்லம் இருந்தது.’ எலுமிச்சைச் சாறும் குக்கீஸும் பரிமாறினோம். அக்கா வீட்டில் ஒண்டியிருந்த வெர்னாவும் வந்திருந்தாள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள்.

“ஏம்ப்பா மெர்ல், படிக்கவே முடியலையே. எதுக்கு இதை இவ்வளவு உசரத்துல வெச்சிருக்கீங்க?”

மெர்ல் அவள் தோளில் பரிவோடு கை வைத்தார்.

“வெள்ளம் வந்தா அடிச்சிட்டுப் போயிடும்ல, வெர்னா.”