நாலு வருஷத் துரு

புது இஞ்சினைப் பழசாக்கிவிடுவது என்று பல் டாக்டர் தீர்மானித்தபோது மணி மதியம் ஒன்று பத்து. கிளினிக் வாசலில் 'சாப்பாட்டு நேரம்' பலகை தொங்கியது. உள்ளே டாக்டர் சாப்பிடவில்லை. நோயாளி படுக்கிற நாற்காலியைச் சாய்த்து, வெள்ளைத் துணி விரித்து, தலைக்கு மேல் விளக்கை இறக்கி, கையுறையும் மாட்டிக்கொண்டு நின்றார். துணியின் மேல் ஒரு சாண் நீளத்தில் ஒரு டீசல் இஞ்சின் படுத்திருந்தது. நீல உடம்பு, மஞ்சள் கோடு, முகம் பார்க்கலாம் போல ஒரு பளபளப்பு. அந்தப் பளபளப்புதான் வினை.

ஏனென்றால் வீட்டில் ஒரு சத்தியம் அமலில் இருந்தது.

டாக்டருக்குப் பொம்மை ரயில் என்றால் உயிர். பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், 'மாதிரி ரயில்' என்று சொல்ல வேண்டும். நாமும் அப்படியே சொல்லி வைப்போம், வம்பெதற்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், மனைவியின் பீரோவில் போர்வைகளுக்கு நடுவிலிருந்து ஒரு சரக்கு ரயில் முழுசாக அகப்பட்டது. அன்றைக்கு நடந்தது இது.

“இதுதாம்மா கடைசி. இனிமே ஒரு சக்கரம்கூட இந்த வீட்டுக்குள்ள வராது. உன் மேல சத்தியம்.”

“என் மேல பண்ணாதீங்க. எனக்கு உடம்பு நல்லா இருக்கணும். உங்க ரயில் மேல பண்ணுங்க.”

ரயில் மேலேயே பண்ணினார். பண்ணியபோது மனதாரத்தான் பண்ணினார். இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தும் பார்த்தார். ஆனால் இந்த நீல இஞ்சினின் படத்தைப் பார்த்த அன்று பல்லும் தளர்ந்தது, மனசும் தளர்ந்தது. கிளினிக் விலாசத்துக்கு வரவழைத்துவிட்டார்.

இதில் ஒரு சங்கடம். அவர் மனைவி சும்மா ஒரு மனைவி இல்லை, இன்சூரன்ஸ் சர்வேயர். மோதின கார், உருண்ட லாரி, பள்ளத்தில் இறங்கின வேன் என்று தினம் நாலு வண்டியைக் குனிந்து பார்த்து, “இந்த நசுங்கல் நேத்து ஆனது, அந்த நசுங்கல் போன வருஷத்தது, அதுக்குப் பணம் கிடையாது” என்று எழுதிக் கொடுப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. துருவின் வயசைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லுவாள். லாரி முதலாளிகளே அவள் டார்ச்சை எடுத்தால் டீ வாங்கப் போய்விடுவார்கள்.

'அவ கண்ணுக்கே பழசாத் தெரியற மாதிரி பண்ணிட்டா?' என்று டாக்டர் நினைத்தார். நினைத்தவுடன் அவருக்கே தன் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஒரு வாரம் மதியச் சாப்பாடு கிடையாது. காலையெல்லாம் ஊரார் பல்லில் கறை எடுப்பார், மதியம் உட்கார்ந்து இஞ்சினுக்குக் கறை ஏற்றுவார். முதல் நாள் இஞ்சின் முழுக்கத் துரு நிறம் பூசினார். மறுநாள் அங்கங்கே ஈரம் தொட்டு, வீட்டுச் சமையலறையிலிருந்து கொண்டுவந்த கல் உப்பைத் தூவி, அதன்மேல் திரும்ப நீலம் அடித்தார். காய்ந்ததும் பழைய பல் பிரஷால் உப்பைத் தேய்த்துத் தள்ளினார். உப்பு இருந்த இடமெல்லாம் பெயிண்ட் உரிந்து, அடியிலிருந்து துரு எட்டிப் பார்த்தது. புகை போகிற துவாரத்தைச் சுற்றிக் கரித்தூள், சக்கரத்துக்குப் பக்கத்தில் செம்மண் தூள், டீசல் ஊற்றுகிற மூடிக்குக் கீழே எண்ணெய் வழிந்த தடம். கதவு இடுக்கில் அழுக்கு ஏற்ற, சொத்தைப் பல்லைக் குத்திப் பார்க்கிற கொக்கி. ஜன்னல் ஓரத்துக்கு மனைவியின் கண் மை பிரஷ்.

இரண்டு மணிக்கு வந்த ஒரு பெரியவர் நாற்காலியில் சாய்ந்தபோது அவர் வெள்ளைத் தலை பாதி கறுத்தது.

“என்ன டாக்டர் இது, கரி?”

“புதுப் பல்பொடி. வாயைத் திறங்க.”

ஏழாம் நாள் இஞ்சினை விளக்கில் காட்டிப் பார்த்தார். பெற்ற தாய், அதாவது செய்த கம்பெனியே வந்தாலும் அடையாளம் தெரியாது. மழையிலும் வெயிலிலும் நாலு வருஷம் ஓடி, கவனிப்பார் இல்லாமல் நின்ற இஞ்சின். டாக்டருக்குக் கண் கலங்கியது. சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து அலமாரியின் இரண்டாம் தட்டில் பின்வரிசையில் நிறுத்தினார்.

அது திறந்த அலமாரி. அதில் யாரும் துணி வைத்துத் துடைக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். இயற்கையாகப் படிகிற தூசி கலைக்கு நல்லதாம். மனைவியும் ஒரு வேலை மிச்சம் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் நன்றாகச் சாப்பிட்டார். சனிக்கிழமை காலையில் மனைவி அலமாரி முன்னால் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

“என்னங்க, இந்த நீல இஞ்சின் எப்ப வாங்கினது?”

“எதும்மா?”

“இதோ, துருப்பிடிச்சு, எண்ணெய் வழிஞ்சு, பார்க்கவே பாவமா நிக்குதே.”

“அதுவா? அது பழசும்மா. நாலு வருஷமா அங்கதான் நிக்குது. நீ கவனிச்சிருக்க மாட்டே.”

“நாலு வருஷமாவா?”

“கூடவும் இருக்கும்.”

அவள் கைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தாள். டாக்டருக்கு டீ வாங்கப் போகலாம் போல இருந்தது. இஞ்சினைத் தூக்கினாள், திருப்பினாள், அடிவயிற்றில் வெளிச்சம் அடித்தாள், நின்ற இடத்தையும் ஒரு தடவை பார்த்தாள்.

“துரு பிரமாதமா இருக்குங்க. ஜன்னல் மூலையில தண்ணி இறங்கின தடம்கூட இருக்கு. இந்த மாதிரி நாலு வருஷத் துருவை நான் லாரியிலதான் பார்த்திருக்கேன்.”

பாராட்டு கிடைத்ததே என்று பூரிப்பதா, பிழைத்தோமே என்று பெருமூச்சு விடுவதா என்று டாக்டருக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தார். அது ஒரு மாதிரி விக்கலாக வெளியே வந்தது.

“அப்ப இதையே குடுத்துடலாம்” என்றாள் மனைவி.

“எதை, எங்க?”

“நம்ம தெருமுனை லைப்ரரியில குழந்தைங்க விளையாட ஒரு மூலை ஒதுக்கறாங்களாம். பழைய விளையாட்டுச் சாமான் இருந்தா குடுங்கன்னு லைப்ரேரியன் கேட்டாரு. நாளைக்குப் பத்து மணிக்கு வர்றாரு. இருக்கறதுலயே ரொம்பப் பழசு, ரொம்ப அடிபட்டது இதுதானே? நல்லதா இருக்கறதையெல்லாம் நீங்க வச்சுக்கங்க.”

டாக்டர் அலமாரியைப் பார்த்தார். நாற்பது வண்டி நின்றது. அவர் கையாலேயே, அவர் மதியச் சாப்பாட்டை விட்டு, அத்தனையிலும் மோசமாக ஆக்கிவைத்தது அந்த ஒன்றைத்தான். காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள், இவர் உப்பும் போட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

“குழந்தைங்க கையில துரு குத்திடும்மா.”

“மாதிரி ரயில்ல துருவெல்லாம் வெறும் பெயிண்ட்தானே? நீங்கதான் ஒருநாள் எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தீங்க.”

“இந்தப் பச்சை இஞ்சினைக் குடுப்போமே. நல்லா ஓடும்.”

“அது புதுசு மாதிரி இருக்குங்க. அதை எடுத்தா உங்க மனசு தாங்காது.”

“இது ஓடாதே.”

“ஓடாததை நீங்க எதுக்கு வச்சுக்கணும்?”

ஒவ்வொரு கேள்வியும் நியாயமாக இருந்தது. அதுதான் கொடுமை. சாயங்காலத்துக்குள் டாக்டர் ஒன்பது காரணம் சொன்னார், ஒன்பதும் அவர் முகத்திலேயே திரும்பி வந்து விழுந்தன. 'நான் உடைச்சிட்டேன்னு சொல்லிடலாமா? உடைக்க மனசு வருமா?' வாஷ்பேசின் முன்னால் நின்று யோசித்தார். புதுசு என்று சொன்னால் இஞ்சின் பிழைக்கும், மானம் போகும். பழசு என்று சொன்னால் மானம் பிழைக்கும், இஞ்சின் போகும். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் படுக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கு மனைவி ஒரு பழைய செருப்புப் பெட்டியைக் கொண்டுவந்தாள். செருப்புப் பெட்டி. இஞ்சினைப் பேப்பரில் சுற்றினாள். கரித்தூள் கொஞ்சம் அவள் விரலில் ஒட்டியது, புடவையில் துடைத்துக்கொண்டாள். மூடியைப் போட்டு, மேலே ஒரு ரப்பர் பேண்டும் போட்டாள். டாக்டர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, பல் பிடுங்க வந்தவர் போல இரண்டு கையையும் கோத்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. மனைவி பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தாள். நாலாவது எட்டில் டாக்டர் உடைந்தார்.

“நில்லும்மா. அது புதுசு.”

“எது?”

“அந்த இஞ்சின். பத்து நாள்தான் ஆச்சு. நான்தான் துருவெல்லாம் ஏத்தினேன். சத்தியத்தை மீறிட்டேன். என்னை என்ன வேணும்னாலும் சொல்லு, அதை மட்டும் குடுத்துடாதே.”

மனைவி பெட்டியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். வாசலில் காஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் நின்றார். டாக்டர் எட்டிப் பார்த்தார். பின்னால் வேறு யாரும் இல்லை.

“லைப்ரேரியன்?”

“எந்த லைப்ரேரியன்? அந்த லைப்ரரியில பெரியவங்க உட்காரவே இடம் இல்ல. பத்து மணிக்கு வர்றேன்னு சொன்னது சிலிண்டர்காரர்தான். சிலிண்டரை உள்ள வச்சிட்டு வாங்க.”

சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனபோதுதான் டாக்டருக்கு விஷயம் மெதுவாக இறங்கியது. திரும்பி வந்தபோது மனைவி டீ போட்டு எடுத்துவந்து உட்கார்ந்திருந்தாள்.

“எப்படிக் கண்டுபிடிச்சே? துருவுல தப்பா?”

“துருவுல ஒரு தப்பும் இல்ல. நானே ஏமாந்திருப்பேன். வாங்க இப்படி.” அலமாரிக்குக் கூட்டிப்போய்ப் பச்சை இஞ்சினைத் தூக்கினாள். அடியில் பலகை சுத்தமாக, இஞ்சின் அளவுக்கு ஒரு கட்டம் தெரிந்தது. சுற்றிலும் தூசி. பக்கத்தில் நின்ற ரயில் பெட்டியைத் தூக்கினாள், அங்கேயும் அப்படியே. பிறகு நீல இஞ்சின் நின்ற இடத்தைக் காட்டினாள். அங்கே தூசி ஒரே சீராகப் படிந்து, அதன்மேல் சக்கரம் அழுத்தின தடம் மட்டும் இருந்தது.

“மத்ததெல்லாம் நின்ன பிறகு தூசி வந்திருக்கு. இது மட்டும் தூசி வந்த பிறகு வந்து நின்னிருக்கு. இஞ்சினுக்கு நாலு வருஷம் ஏத்தினீங்களே, பலகையை விட்டுட்டீங்களே.”

டாக்டர் அசடு வழிந்தார்.

“பழைய அடியைப் புதுசுன்னு சொல்றவங்களைத் தினம் பார்க்கறேன். புதுசைப் பழசுன்னு சொல்றவரை இப்பதான் பார்க்கறேன்” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தாள் என்றவுடன் டாக்டருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

“கோபம் இல்லையே?”

“இஞ்சின் வாங்கினதுக்கு இல்ல. மறைச்சதுக்குத்தான். கேட்டிருந்தா ரெண்டு நாள் திட்டிட்டு விட்டிருப்பேன். இருக்கட்டும், வச்சுக்கங்க. நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க.”

ரப்பர் பேண்டைக் கழற்றி, பேப்பரைப் பிரித்து, இஞ்சினை அவளே எடுத்து முன்வரிசையில் நிறுத்தினாள். ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப் போயிற்று. டாக்டர் டீயை ஒரே மடக்கில் குடித்தார். பசித்தது. பாட்டுக்கூட வரும்போல இருந்தது. இப்படி ஒரு மனைவியிடம் போய் ஒளித்தோமே என்று அவருக்கு மனசு உருகியது.

“உன்கிட்ட எதை மறைக்க முடியும்? எல்லாம் முன்னாடியே தெரிஞ்சு வச்சிருக்கே. கிளினிக்ல எக்ஸ்ரே மிஷினுக்குப் பின்னால இருக்கற மூணு பெட்டியையும் நாளைக்கே கொண்டுவந்து இதோட கோத்துடறேன்.”

மனைவி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“எந்த மூணு பெட்டி?”