கோட்டை விட்டவர்

யூரியா சாக்கின் மேல் மழை விழும் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா? தலைக்கு மேல் யாரோ ஓயாமல் பொரி வறுப்பதுபோல் இருக்கும். நான் முதன்முதலில் அதைக் கேட்டது கல்யாணமான இருபத்திரண்டாம் நாள். 1982, ஐப்பசி மாதம்.

அரூர்ச் சாலையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. என் கணவர் ராஜப்பன் அரசாங்க சர்வேயர். ஆபீஸில் கொடுத்த காக்கி ரப்பர் கோட்டு பையில் இருந்தது. எடுத்தார். உதறினார். போட்டுக்கொண்டார். கழுத்துவரைக்கும் பொத்தான் மாட்டினார். அதற்குப் பிறகுதான் பக்கத்தில் ஒரு பெண்டாட்டி நிற்பது அவர் நினைவுக்கு வந்தது. டீக்கடையில் ஒரு யூரியா சாக்கு கேட்டு வாங்கினார். ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகிக் கொங்காணியாக்கி என் தலையில் கவிழ்த்தார்.

"வா வா" என்றார். திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார்.

நான் தர்மபுரி அரசுக் கல்லூரியில் தமிழ் படித்தவள். மழையைப் பற்றி நாற்பது பாட்டாவது மனப்பாடமாகத் தெரியும். சாக்குக்குள் ஒன்றும் வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்துக்கு இப்போது நாற்பத்துமூன்று வயது. என் மகளைவிட மூத்தது. மகளைவிட நன்றாகவே வளர்த்திருக்கிறேன்.

மகள் கலைமதி பெங்களூரில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் ஆடியில் எங்கள் ஊர் கடத்தூருக்கு வந்தபோது இரண்டு மழைக்கோட்டுகள் வாங்கிவந்தாள். மலையேறுகிறவர்கள் போடுவதாம். ஆரஞ்சு நிறத்தில் பெரியது அப்பாவுக்கு. நீலத்தில் சின்னது எனக்கு. ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிக் காட்டினாள். சேப்பங்கிழங்கு இலைமேல் ஓடுவதுபோல் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. எனக்குத் தாங்கவில்லை. கொளுத்துகிற வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்விட்டு வந்தேன்.

அவள் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை ஆணியில் ஆரஞ்சு மட்டும் தொங்கியது.

"என் கோட்டு எங்கங்க?"

"மாதேஸ்வரனுக்குக் குடுத்துட்டேன்."

மாதேஸ்வரன் பக்கத்து வீட்டுக்காரர். தக்காளித் தோட்டம் வைத்திருக்கிறார். உடம்பில் என்னைப்போல் இரண்டு பங்கு.

"அவருக்கு எதுக்குங்க என் கோட்டு?"

"அவன் மழையில தோட்டத்துக்குப் போறான். நீ எங்க போற? வூட்டுக்குள்ளயா மழை பெய்யுது?"

"பெஞ்சா மட்டும் கூரைய மாத்திடுவீங்களாக்கும்."

"என்னா முணுமுணுக்கிற?"

"ஒண்ணுமில்லீங்க."

அதற்கப்புறம் ஒரு வருடம், மழை வரும்போதெல்லாம் என் நீலக் கோட்டு மாதேஸ்வரனைச் சுமந்துகொண்டு எங்கள் வாசலைக் கடந்தது. ஜிப் அவர் தொப்புளோடு நின்றுவிடும். மேலே இருக்கும் பாகமெல்லாம் அநாதையாக விரிந்து கிடக்கும். ஒவ்வொரு முறையும் அவர் எனக்குக் கை காட்டுவார். ஒவ்வொரு முறையும் நான் பல்லைக் கடித்தேன். கடைவாய்ப் பல் ஒன்று போயே போய்விட்டது.

கோபம் வந்தால் நான் துணி துவைப்பேன். எங்கள் வீட்டுத் துணிகள் தெருவிலேயே வெள்ளை. காரணம் சோப்பு இல்லை.

போன ஐப்பசியில் வெண்மதி போன் செய்தாள். கல்லூரியில் என் பக்கத்து இருக்கை. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள்.

"நிர்மலா, இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை தீர்த்தமலை ஏறலாம், வர்றியா? நம்ம செட்டுல நாம ரெண்டு பேர்தான்டி மிச்சம். தை மாசம் எனக்கு முட்டி ஆபரேசன். அப்புறம் நான் மாடிகூட ஏறுவனோ என்னவோ."

இவரிடம் போய்ச் சொன்னேன்.

"ஐப்பசியிலயா? மழையில நனைஞ்சு சளி புடிச்சா யாரு பாக்கிறது?"

"கோட்டுப் போட்டுக்கிட்டுப் போறேங்க."

"எந்தக் கோட்டு?"

கேட்டது யார் தெரியுமா? எடுத்துக் கொடுத்தவரே கேட்டார். கேட்டுவிட்டுச் செய்தித்தாளைப் புரட்டினார்.

நான் ஆணியில் தொங்கிய ஆரஞ்சுக் கோட்டை எடுத்தேன். துவைக்கிற கல்லுக்குப் போனேன். சோப்புத்தூளை இரண்டு கை அள்ளிப் போட்டேன். கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தேன். பிரஷ் வைத்துத் தேய்த்தேன். முறுக்கிப் பிழிந்தேன். கடைசியில் வாசனைத் திரவத்தில் ஊறவைத்தேன். அப்படி ஒரு சுகம்! ஆனால் அதனால் கோட்டு கெட்டுப்போகும் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் நாலு அடி அடித்திருப்பேன்.

மறுநாள் மழை. கோட்டுப் போட்டுக்கொண்டு போனவர், குளத்தில் விழுந்தவர்போலத் திரும்பினார். மல்லிகை வாசனையோடு நனைந்திருந்தார்.

"என்னாடி பண்ணின என் கோட்டை?"

"துவைச்சேங்க."

மகளுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டார். நான் குற்றவாளிபோல் நின்றேன்.

"ஐயோ அம்மா! சோப்புத்தூள் போடக் கூடாதும்மா. துணிமேல தண்ணி ஒட்டாம இருக்க ஒரு பூச்சு இருக்கும். அது போயிருக்கும்."

"அப்ப கோட்டு அவ்வளவுதானா?" இவர் குரல் உடைந்தது. எனக்கு டைபாய்டு வந்தபோதுகூட உடையாத குரல்.

"சரி பண்ணலாம்ப்பா. மெதுவான திரவச் சோப்புல துவைச்சு, நல்லா அலசி, ஈரமா இருக்கிறப்பவே ஸ்பிரே அடிக்கணும். காஞ்சதும் மேல துண்டு போட்டு லேசான சூட்டுல இஸ்திரி போடணும். ஸ்பிரே நான் கூரியர்ல அனுப்பறேன். பொறுமையா பண்ணணும்."

போனை வைத்தார். எழுந்து நின்றார். கிராம எல்லையை அறிவிக்கிறவர்போல் அறிவித்தார்.

"இனிமே இந்த வூட்ல என் கோட்டை நீ தொடக் கூடாது. நானே துவைப்பேன்!"

நாற்பத்துமூன்று வருடத்தில் ஒரு கைக்குட்டைகூடத் துவைக்காதவர்.

"சரிங்க" என்றேன். தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பை மறைக்க வேறு இடமில்லை.

துவைத்தார். ஜிப்பை மூடினார். பாக்கெட்டைத் துழாவினார். வெதுவெதுப்பான தண்ணீரில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறமாதிரி குளிப்பாட்டினார். சோப்பு போக மூன்று முறை அலசினார். நான் தள்ளி நின்று, "இன்னும் நுரை வருதுங்களே" என்றேன். நாலாவது முறையும் அலசினார். நிழலில் தொங்கவிட்டார்.

ஸ்பிரே வந்ததும் அவருக்குள் தூங்கிக்கொண்டிருந்த சர்வேயர் எழுந்துவிட்டார். கோட்டை மறுபடி நனைத்துத் தரையில் விரித்தார். சாக்பீஸால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். ஒவ்வொரு கட்டத்துக்கும் புல எண் கொடுத்தார். முதுகு, பன்னிரண்டு. இடது கை, பதின்மூன்று. வலது தோள், பதினாலின் கீழ் இரண்டு. அரையடி தள்ளி நின்று அடிக்கவேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்ததால், ஸ்கேல் வைத்து அளந்து அளந்து அடித்தார். கோட்டிலேயே வாழ்ந்த மனிதர். கோட்டின்மேல் கோடு போடக் கிடைத்தால் விடுவாரா?

இஸ்திரியும் ஆயிற்று. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். முத்து முத்தாக ஓடியது. அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! கலைமதி பிறந்தபோது அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. அன்று அவர் ஊத்தங்கரையில் ஏரி அளந்துகொண்டிருந்தார்.

அதிலிருந்து வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் சொம்புக் காட்சிதான். தபால்காரருக்குக் காட்டினார். கேஸ் சிலிண்டர் போட வந்தவருக்குக் காட்டினார். நான் மாதேஸ்வரனின் மனைவி குள்ளம்மாளைக் காம்பவுண்டுச் சுவரோரம் கூப்பிட்டு இரண்டே வார்த்தை சொன்னேன். அவளுக்கும் ஒரு கோபம் இருந்தது. எத்தனை வயதென்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நீலக் கோட்டோடு வந்தாள்.

"அண்ணா, இதும் ஒழுவுதுங்கண்ணா. உங்க கை பட்டாத்தான் சரியாவும்னு எல்லாரும் பேசிக்கிறாங்க."

"எல்லாரும்னா?"

"எல்லாருந்தாங்கண்ணா."

அந்த எல்லாரும், நானும் அவளும்.

அதையும் துவைத்தார். அதற்கும் புலம் பிரித்தார். வெள்ளிக்கிழமை இரண்டு கோட்டும் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் ஆடின. நான் காபியை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"சொம்புத் தண்ணி ஓடுது. நெச மழையில ஓடுமாங்க?"

இவர் நிமிர்ந்தார். நேரில் போய்ப் பார்க்காத நிலத்துக்கு ஒரு கையெழுத்துக்கூடப் போடாதவர்.

"அதெப்படி? பீல்டுல டெஸ்ட் பண்ணாம நான் சர்ட்டிபிகேட் குடுப்பனா? மேடு, எறக்கம், காத்து, மழை எல்லாம் இருக்கிற எடமா வேணும்."

"அப்பிடி எடம் இந்தப் பக்கம் எங்கங்க இருக்குது?"

"ஏன், தீர்த்தமலை இல்ல?"

"சரி, போய்ட்டு வாங்க."

"நானா? அளக்கிறவன் வேற, சங்கிலி புடிக்கிறவன் வேற. நீ போட்டுக்கிட்டுப் போ."

"ஐயோ, நான் போகமாட்டேங்க. சளி புடிச்சா யாரு பாக்கிறது?"

"நான் பாக்கிறேன்!"

"ஐப்பசியிலயாங்க?"

"ஐப்பசியிலதான்! சித்திரையில போய் வெயிலை டெஸ்ட் பண்ணுவியா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் வேணாங்க."

"ஞாயித்துக்கிழமைதான்!" மேசையை ஒரு தட்டு தட்டினார். காபி குதித்தது. "குள்ளம்மாளையும் கூட்டிக்கிட்டுப் போ. ரெண்டு கோட்டு, ரெண்டு ஆளு. ஒப்பிட்டுப் பாக்கணும். எந்தப் புலத்துல தண்ணி எறங்குதுன்னு குறிச்சுக்கிட்டு வா."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முந்தானையை வாயில் திணித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மலை முழுக்க மழை. நான் நீலம். குள்ளம்மாள் ஆரஞ்சு. வெண்மதி எங்களைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

"தலையில தீர்த்தம் விழறதுக்கு வந்துட்டு இதென்னடி வேஷம்?"

பத்துப் படிக்கு ஒருமுறை அவள் முட்டிக்காக உட்கார்ந்தோம். முட்டியைத் திட்டினோம். எங்கள் வகுப்பில் படித்து, இப்போது இல்லாமல்போன பெண்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொன்னோம். கோட்டுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. மேலே, பாறையிலிருந்து தீர்த்தம் விழும் இடத்தில் நான் கோட்டைக் கழற்றி மடித்துக் குள்ளம்மாளிடம் கொடுத்தேன். வெண்மதியின் கையைப் பிடித்துக்கொண்டு அடியில் போய் நின்றேன். நாற்பத்துமூன்று வருடத்தில் நானாக விரும்பி நனைந்தது அன்றுதான்.

"அடுத்த வருசம் நீ மட்டும் வந்தாலும் வா" என்றாள் வெண்மதி. "என் தலைக்கும் சேத்து நில்லு."

கோட்டை வாங்கி ஈரப் புடவைமேல் மாட்டிக்கொண்டேன். இனி இதை விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

கடத்தூரில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதும் கொட்டிக்கொண்டிருந்தது. கடையோரம் ஒரு உருவம் நின்றது. வீட்டில் இருந்த இரண்டு கோட்டும் சோதனைக்குப் போய்விட்டன. குடைக் கம்பி உடைந்து மூன்று வருடம். அதனால் தலையில் யூரியா சாக்கு. அச்சுப்போல் அதே கொங்காணி.

சௌக்கியமா என்று கேட்கவில்லை. சாமி கும்பிட்டாயா என்றும் கேட்கவில்லை.

"எந்தப் புலத்துல நனைஞ்சுது?"

நான் யோசித்தேன். எதுவும் நனையவில்லை என்று உண்மையைச் சொன்னால் சர்ட்டிபிகேட் கிடைத்துவிடும். ஆரஞ்சு அவர் ஆணிக்குப் போகும். நீலம் மாதேஸ்வரன் தொப்புளுக்குப் போகும்.

"ஆரஞ்சு சுத்தங்க. நீலத்துலதான் பதினாலின் கீழ் ரெண்டு. லேசா ஈரம்."

இடி விழுந்தமாதிரி நின்றார். "எல்லையோரம் விட்டுப்போச்சா?"

"எனக்கென்னங்க தெரியும்? நான் சங்கிலி புடிக்கிறவ."

"மறுபடி துவைக்கணும். மறுபடி பூசணும். மறுபடி டெஸ்ட் பண்ணணும்."

"இனிமே என்னால ஆகாதுங்க."

"நீதான் போகணும்! சர்ட்டிபிகேட் ஆகிற வரைக்கும் அந்தக் கோட்டு யாருக்கும் கெடையாது. மாதேஸ்வரனுக்கும் கெடையாது!"

"வாங்க வாங்க" என்றேன். திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தேன். பின்னால் வழி நெடுக யாரோ பொரி வறுத்துக்கொண்டே வந்தார்கள்.

இதுவரை பதினோரு சோதனை முடிந்திருக்கிறது. கார்த்திகையில் ஏற்காடு போனேன். மழை நின்றபிறகு ஒகேனக்கல் அருவிச் சாரலில் போய் நின்றேன். ஆபரேசன் முடிந்த வெண்மதியைப் பார்க்கப் போனதும் சோதனைக் கணக்கில்தான். வந்ததும் ஒவ்வொரு முறையும் ஒரு புலத்தில் லேசாக ஈரம். அவர் குறித்துக்கொள்கிறார்.

போன வாரம் கலைமதி கேட்டாள், "அப்பா எப்பிடிம்மா இருக்காரு?"

"கோட்டை விட்டுட்டாரு" என்றேன்.

வியாழக்கிழமைதோறும் அவர்தான் அதைத் துவைக்கிறார். மாசியிலிருந்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, என் புடவைகளையும் துவைக்கிறார்.