நல்ல இடம்தான், ஆனாலும் விடுகிறேன்

இருக்கிற வேலையை வானளாவப் புகழ்ந்தே வரப்போகிற வேலையைக் கோட்டை விடும் ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. சாதாரண நாட்களில் இவர்களை அடையாளம் காண்பது கடினம். நேர்காணல் அறைக்கு வெளியே பாருங்கள்: கழுத்தை இறுக்கும் சட்டையும் காலைக் கடிக்கும் ஷூவுமாக, உதடு மட்டும் அசைய எதையோ முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிரார்த்தனை என்று நினைத்துவிடாதீர்கள். ஏன் வேலை மாற விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு மனப்பாடம் செய்த பதில் அது.

இந்த இனத்தில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். எவ்வளவு நெருக்கம் என்றால், என் சட்டைகளெல்லாம் அவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். குழாய்ச் சாமான் விற்கும் கம்பெனியில் கிடங்குப் பொறுப்பாளர். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'பரவாயில்லை'. தலைக்கு மேல் ஏ.சி. ஒழுகினால் பரவாயில்லை என்று மேசைமேல் ஒரு வாளியை வைத்துக்கொள்வார். அவர் முதுகொடிய எடுத்த சரக்கு இருப்பு அறிக்கையில் மேனேஜர் தன் பெயரைப் போட்டுக்கொண்டால் பரவாயில்லை. வீட்டுக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, ஒரு நிமிஷம் வாங்க என்று கூப்பிட்டு, தெருவெல்லாம் கடை சாத்தும்வரை உட்காரவைத்தாலும் பரவாயில்லை. அத்தனை பரவாயில்லைகளையும் சிந்தாமல் சிதறாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் கொட்டுவார். மேனேஜரின் ஏழு தலைமுறையும் அங்கே வந்து திட்டு வாங்கிக்கொண்டு போகும். பள்ளியில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, "ஆபீஸைத் திட்டுவார்" என்று சொல்லிவிட்டு வந்தாள் மகள். அன்று அவருக்குச் சுருக்கென்றது. எப்படியாவது வேறு வேலைக்குப் போய்விட வேண்டும், பிள்ளை முன்னால் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டார்.

ஆசைப்பட்டால் போதுமா? நேர்காணலுக்குப் போக லீவு வேண்டுமே. பல்வலி என்று சொல்லி இதுவரை எடுத்த லீவுகளைக் கூட்டினால், அவர் வாயில் ஒரு பல்கூட மிஞ்சியிருக்கக் கூடாது. அப்புறம் உபதேசம். இருக்கும் கம்பெனியைக் குறை சொல்லாதே, மேனேஜரைப் பற்றி மூச்சு விடாதே, புதிய சவால்களைத் தேடுகிறேன் என்று மட்டும் சொல் என்று கோட் போட்ட ஒருவர் செல்போன் வீடியோவில் தினமும் பாடம் நடத்தினார். சவாலாம்! பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறச் சொன்னாலே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற மனிதர் இவர்.

நேர்காணல் அன்றைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருவர். ஒருவர் ஆளெடுக்கும் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார். இன்னொருவர் அங்கே கிடங்குகளுக்கெல்லாம் தலைமைப் பொறுப்பாளர், கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த மனிதர். எதிர்பார்த்த கேள்வியை அம்மையார் கேட்டதுதான் தாமதம், குறை சொல்லக்கூடாது என்று தொடங்கிய நம்மவர், பாராட்டுக்குத் தாவி, அங்கிருந்து புளுகுக்குள் தொபுக்கடீரென்று விழுந்தார். மேனேஜர் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி என்றார். யார் வேலை செய்தாலும் எல்லார் முன்னாலும் பெயர் சொல்லிப் பாராட்டுவார் என்றார். சாயங்காலம் யாராவது கூடுதல் நேரம் உட்கார்ந்தால் அவரே வந்து விளக்கை அணைத்து வீட்டுக்கு விரட்டிவிடுவார் என்றார். சொல்லச் சொல்ல, அப்படிப்பட்ட கம்பெனியில் நாமும் சேர்ந்துவிடலாமா என்று அவருக்கே ஆசை வந்துவிட்டது. கருவளையக்காரர் வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ ஏன் விடறீங்க?" என்றார் அம்மையார்.

நியாயமான கேள்வி. நம்மவர் தண்ணீர் குடித்தார். சவால் என்றார். மறுபடியும் தண்ணீர் குடித்தார். சொல்லி அனுப்புகிறோம் என்று அனுப்பிவைத்தார்கள்.

படி இறங்கும்போது பின்னாலேயே ஓடிவந்தார் கருவளையக்காரர். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உங்க கம்பெனியில எனக்கு ஏதாவது இடம் இருக்குமா சார்?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. அதைக் கெடுக்க மனம் வராமல், மேனேஜரின் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

நடந்ததைக் கேட்டு மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கிட்ட தினமும் சொல்றதுல கால்வாசிய அங்க சொல்லியிருந்தா, பாவம்னாவது வேலை குடுத்திருப்பாங்க."

அந்தக் கம்பெனியிலிருந்து அழைப்பு வரவில்லை. கருவளையக்காரர்தான் வந்தார், அடுத்த மாதமே, நம்மவருக்கு மேலதிகாரியாக. சேர்ந்த முதல் வாரம் ஒருநாள், இருவர் தலையிலும் வேலையைக் கட்டிவிட்டு மேனேஜர் கிளம்பிப் போனபிறகு, கருவளையக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். நீங்க சொன்ன மேனேஜர் லீவுல இருக்காரா?"

நம்மவருக்கு அழுகை வர வேண்டிய இடம். வெட்கங்கெட்ட சிரிப்புதான் வந்தது. கருவளையக்காரர் விட்டுவந்த இடம் அங்கே இன்னும் காலியாக இருக்கிறதாம். நம்மவர் மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறார். இந்த முறை உண்மையைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு சங்கடம். இங்கே புதிதாக வந்திருக்கும் மேலதிகாரி உண்மையிலேயே தங்கமான மனிதர். அவரை விட்டுவிட்டு ஏன் போகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் பழைய நண்பர் ஒருவர், வேலை எப்படிப் போகுது என்று உங்களைக் கேட்டாரே, நீங்கள் என்ன சொன்னீர்கள்? ஒரு குறையும் இல்லை என்று வாய் நிறையச் சொன்னீர்கள் அல்லவா? அவர் தன் ஆபீஸில் ராஜினாமா கொடுத்துவிட்டாராம். எதற்கும் திங்கட்கிழமை கொஞ்சம் முன்னதாகப் போய், உங்கள் பக்கத்து நாற்காலியைத் துடைத்து வையுங்கள்.