வேலை தேடுவோரின் நலம்விரும்பி

வேலை போன மனிதரைத் தேடி முதலில் வருவது யார் தெரியுமா? அடுத்த வேலை அல்ல. ஆலோசகர். இந்த இனம் குடும்பத்துக்கு ஒன்றாவது இருக்கும். இல்லையென்றால் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வரும். உங்களுக்கு வேலை இருக்கும்வரை இவர் கண்ணில் நீங்கள் படவே மாட்டீர்கள். வேலை போன சேதி காதில் விழட்டும்; அன்று சாயங்காலமே செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலியைப் பிடித்து, காலை நீட்டி, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "இப்பதான் உனக்கு நல்ல காலமே ஆரம்பிக்குது" என்று தொடங்குவார். எதிரே இருப்பவருக்குக் கண் கலங்கும். அதை நன்றி என்று எடுத்துக்கொள்வார்.

இவ்வளவு ஞானம் எங்கிருந்து வந்தது? அதை மட்டும் கேட்கக் கூடாது. நான் பார்த்த உருப்படிக்கு வாழ்நாளில் ஒரே வேலை. தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனி, அங்கே மேலாளராக இருந்த பெரியப்பா, "நாளைலேருந்து வந்துடுடா" என்றார், இவர் போய்விட்டார். பதவியின் பெயர் ஒருங்கிணைப்பு அதிகாரி. எதை எதோடு ஒருங்கிணைக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. நேர்முகத் தேர்வு நடக்கும் அறையின் கதவைக்கூட அவர் தொட்டதில்லை. ஆனால் அதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார்.

அவரிடம் சிக்கியது அவர் மனைவியின் தங்கை. தங்கைக்கு நாற்பது வயது. மருந்து மொத்த விற்பனைக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தாள். உரிமையாளர் ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து, கிடங்கை மூடப்போவதாகச் சொல்லிவிட்டார். வேன் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் முதுகுவலியால் வீட்டோடு கிடக்கிறார். பள்ளிக்கூடம் போகும் பெண்கள் இரண்டு பேர். அந்த வீட்டில் உலை கொதித்ததே அவள் சம்பளத்தில்தான்.

அத்தான் வந்தார். அவள் தயாரித்திருந்த பயோடேட்டாவை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நோயாளியின் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"குளிர் அறையப் பாத்துக்கிட்டேன்னு எழுதியிருக்கியே, இது என்னம்மா?"

"அதத்தானே அத்தான் செஞ்சேன்."

"செஞ்சத எழுதினா யாரு வேலை கொடுப்பா? வெப்பநிலை சார்ந்த உத்திகளின் தலைமைப் பொறுப்புன்னு போடு."

அவள் போட்டாள். பாடங்கள் தொடர்ந்தன. கேட்பவர் கண்ணைப் பார்த்தே பேச வேண்டும், இமைத்தால் பலவீனம். எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லக் கூடாது, சொன்னால் நம்மைச் சாதாரண ஆள் என்று நினைத்துவிடுவார்கள். உன் குறை என்ன என்று கேட்டால், அளவுக்கு மீறி உழைப்பது என்று சொல்ல வேண்டும். கூட வந்திருந்த அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "அவளுக்குத் தெரிஞ்சத அவ சொல்லட்டுமேங்க" என்றாள். "உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார் அத்தான். இந்த இனத்தின் தேசிய கீதம் அது.

மீன், ஐஸ்கிரீம் போன்றவற்றை உறையவைத்துக் காக்கும் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் ஆள் எடுத்தார்கள். மேலாளர் தலை நரைத்த பெண்மணி. மேசையில் பாதி குடித்த தேநீரும் ஒரு கம்பளிச் சட்டையும் கிடந்தன. சுற்றி வளைக்காமல் கேட்டார்: "கரண்ட் போயிடுச்சு. உள்ள முழுக்கச் சரக்கு இருக்கு. என்ன பண்ணுவீங்க?"

தங்கைக்கு விடை தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் தயாராகி வந்திருக்கிறாளே. மேலாளரின் கண்ணுக்குள் பார்வையை நட்டு, இமைக்காமல், "ஒவ்வொரு சவாலையும் நான் ஒரு வாய்ப்பாப் பாக்கறேன்" என்றாள்.

மேலாளர் சற்று முன்னால் குனிந்தார். "கண்ணுல ஏதாவது விழுந்துடுச்சாம்மா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அத்தான் விவரம் கேட்டுக்கொண்டு, "உன் தகுதியப் பாத்து அந்தம்மா மிரண்டுட்டா" என்று தீர்ப்புச் சொன்னார். தங்கை பேருந்து நிறுத்தத்தில் வெயிலில் நின்று அழுததை அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை, பெண்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, என்ன ஆனாலும் ஆகட்டும் என்று கிடங்குக்குப் போன் போட்டாள். மேலாளரே எடுத்தார்.

"நேத்து கேட்டீங்களே, கரண்ட் போனா என்ன பண்ணுவேன்னு. முதல்ல கதவ மூடி வெப்பேங்க. யாரையும் திறக்க விட மாட்டேன். டிரைவருங்க கத்துவாங்க, கத்தட்டும். அப்புறம் ஜெனரேட்டர் ஆளக் கூப்பிடுவேன்."

"இத ஏம்மா நேத்தே சொல்லல?"

"தயார் பண்ணி அனுப்பிட்டாங்க."

"யாரு?"

"எங்க அக்கா வீட்டுக்காரர்."

"அவருக்கு வேற வேலை இல்லையா?"

"இருக்குங்க. அதனாலதான்."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

வேலை கிடைத்ததும் அத்தான் என்ன சொன்னார்? நீங்களே ஊகித்திருப்பீர்கள். "நான் கொடுத்த பயிற்சி லேட்டா வேலை செஞ்சிருக்கு." தெருவில் நான்கு பேரிடம் சொன்னார். ஐந்தாவது ஆளைப் பார்ப்பதற்குள் மோட்டார் கம்பெனியை வேறு ஒருவர் வாங்கிவிட்டார். புது நிர்வாகம் எல்லாரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டது. அத்தான் இமைக்காமல் பார்த்தார். உத்தி என்றார், தலைமை என்றார், கடைசியில் கேள்வி கேட்கும் முறையே சரியில்லை என்று அவர்களுக்கும் ஆலோசனை சொன்னார். அன்றே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள்.

பிறகு அவர் சட்டை மாற்றாமல், மின்விசிறியைக்கூடப் போடாமல், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒருநாள் அக்காவிடம், "நெஜமாவே நான் அங்க என்ன செஞ்சேன்னு எனக்கே சொல்லத் தெரியலடி" என்றார். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

இங்கே கதை நல்லவிதமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஏனென்றால் தங்கை வந்தாள். நேரே வந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "மறுநாள் போன் பண்ணிப் பேசணும் அத்தான். நான் அப்படித்தான் வாங்கினேன். போன்ல மனசு விட்டுப் பேசினா எல்லாம் கிடைச்சுடும்" என்றாள். அத்தான் வாய்திறந்து ஏதோ சொல்லப் போனார். "உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்றாள்.

அவரும் கேட்டார். வேலை கேட்டுப் போன இடத்துக்கெல்லாம் மறுநாள் போன் போட்டு மனசு விட்டுப் பேசினார். ஒரு கம்பெனியில் இனி கூப்பிட வேண்டாம் என்றார்கள். இன்னொன்றில் காவலாளியிடம் அவர் பெயரைக் கொடுத்து, இவர் வந்தால் உள்ளே விடாதே என்று சொல்லிவைத்தார்கள்.

பிறகு வேலை கிடைத்தது. யார் சொன்ன வழியிலும் அல்ல. கூரியர் அலுவலகத்தில் தொலைந்த பார்சலுக்காக ஒரு பெரியவர் மேசையை உடைத்துவிடுவார் போலக் கத்திக்கொண்டிருக்க, வரிசையில் பின்னால் நின்ற அத்தான் அந்தப் பெரியவரின் தோளில் கைவைத்து, ஓரமாகக் கூட்டிப்போய், பேசிப் பேசி அவரைச் சிரிக்கவைத்துவிட்டார். கிளை மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். புகார் கேட்கிற நாற்காலி அங்கே மாதக்கணக்காகக் காலியாக இருந்தது. இப்போது அத்தான் அதில் இருக்கிறார். பொருத்தமாகவும் இருக்கிறார். வேலை கிடைத்த ரகசியத்தை மட்டும் விசாரித்துவிடாதீர்கள். எல்லாம் பார்வையில்தான் இருக்கிறது என்பார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனால் இதைப் படிக்கும்போதே, வேலை தேடிக்கொண்டிருக்கிற ஒருவரின் முகம் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். அவருக்குச் சொல்ல ஒரு நல்ல யோசனையும் கூடவே வந்திருக்கும். பாவம், அவரை விட்டுவிடுங்கள். வேலை போனதே போதும்.