வந்தவர்களைப் பேய் ஏன் விரட்டுகிறது?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது. நானும் கடையும் நலம். அக்காவின் முழங்கால் வலி எந்த மட்டில் இருக்கிறதென்று தெரிவிக்கவும்.

உன் பேய்ப் படத்தைப் பார்த்துவிட்டேன். தூங்காமல் முழுதாகப் பார்த்தேன். "நிறை குறையை ஒளிக்காம சொல்லுங்க மாமா, ரெண்டாம் பாகத்துக்கும் வீட்டைக் குடுங்க" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லலாம்தான், ஆனால் குறையை ஆரம்பிக்கும்போது உனக்குச் சரியாக வேறொரு போன் வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

முதலில் நிறை. படத்தில் எல்லாரையும்விட என் வீடு நன்றாக நடித்திருக்கிறது. மாடிப்படி அவ்வளவு உயரம் என்பது அதில் தினம் ஏறுகிற எனக்கே தெரியாது. பேயாக வந்த பெண்ணும் கெட்டிக்காரி. அவள் சமையலறை ஜன்னலோரம் யாரையோ எதிர்பார்த்து நிற்கிற இடத்தில் ஒரு பாட்டும் போடாமல் சும்மா விட்டாய் பார், அது நல்ல வேலை. உன் அத்தை இருந்தவரை நான் கடை அடைத்து வருகிற நேரத்துக்கு அங்கேதான் நிற்பாள். உனக்கு ஞாபகம் இருந்து வைத்தாயா, வெளிச்சம் அங்கே நன்றாக இருந்ததென்று வைத்தாயா தெரியாது. நான் கேட்கப் போவதுமில்லை.

இனிக் குறை. தலை நரைக்கும்வரை கீலும் தாழ்ப்பாளும் விற்றுப் பிழைத்தவன் வீட்டுப் பின்கதவு ஊரறிய 'கிரீச்' என்கிறது. உன் ஆர்ட் டைரக்டர் என் பித்தளைக் கீல்களைக் கழற்றிவிட்டு எங்கிருந்தோ துருப்பிடித்த ஒரு ஜோடியை மாட்டினார், சரி, படத்துக்காக. திருப்பி மாட்ட வேண்டாமா? தியேட்டரில் அந்தச் சத்தம் வந்ததும் பக்கத்து சீட்டுப் பெண் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். மனசு கேட்காமல், "பயப்படாதம்மா, அந்தக் கதவுக்குப் பின்னால என் வாஷிங் மிஷின்தான் இருக்கு, அந்தக் கீலும் என் கடைச் சரக்கு இல்ல" என்றேன். அவள் என்னைப் பார்த்து இன்னும் பயந்தாள். இடைவேளைக்குப் பிறகு ரெண்டு பேரும் வேறு வரிசைக்குப் போய்விட்டார்கள். கூடத்து மேல்சுவரில் நீங்கள் பசையால் இழுத்துவிட்ட ஒட்டடை எவ்வளவு துடைத்தும் இன்னும் போகவில்லை, நிஜச் சிலந்தி ஒன்று வந்து பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போய்விட்டது. உன் பேய்ப் பெண் வெள்ளைப் பூச்சோடு போய்க் கதவைத் திறந்த நாளிலிருந்து காஸ் சிலிண்டர்க்காரர் கேட்டிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறார், உருட்டி வருவது நான்.

இதெல்லாம் சில்லறைக் குறை. பெரிய குறை கதையில் இருக்கிறது மாப்ளே. அந்தப் பேய் எத்தனையோ வருஷமாகத் தனியாக அந்த வீட்டில் கிடக்கிறது. திடீரென்று ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு வருகிறது, பிள்ளைகள் மாடிக்கும் கீழுக்கும் ஓடுகின்றன, அடுப்பு எரிகிறது. உடனே பேய் என்ன செய்கிறது? பாத்திரத்தை உருட்டி, விளக்கை அணைத்து, அத்தனை பேரையும் விரட்டுகிறது. எதுக்கு? ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடைக்குக் கூட்டம் வந்தால் எவனாவது ஷட்டரை இறக்குவானா? அது உண்மையான பேயாக இருந்தால் டீக்குத் தண்ணீர் வைத்திருக்கும். நீ காலியான வீட்டைப் படம் பிடித்திருக்கிறாய், அதில் இருந்து பார்த்ததில்லை.

நீங்கள் இருந்த நாட்களில் கால் வைக்க இடமில்லை. கடையிலிருந்து வந்தால் என் சோபாவில் பேய் படுத்திருக்கும். "சாப்பிட்டியாம்மா?" என்றால் "பேய் டயட்ல இருக்கு மாமா" என்பாள். எல்லாரும் வேனில் ஏறிப் போன மறுநாள் பழக்கத்தில் பெரிய பிளாஸ்க் நிறைய டீ போட்டுவிட்டேன். கீழே கொட்ட மனமில்லாமல் பொழுதுக்கும் நானே குடித்தேன். நெஞ்செரிச்சல்தான் மிச்சம்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன், ரெண்டாம் பாகத்துக்கு வீடு கிடையாது. விற்றுவிட்டுக் கடை மாடியிலேயே ஒரு கட்டில் போட்டுக்கொள்ளப் போகிறேன். ஒரு பல் டாக்டர் வந்து பார்த்தார். அவர் சம்சாரம் உன் படத்தைப் பார்த்திருக்கிறார்கள், மாடியேற மாட்டேனென்று வாசலிலேயே நின்றுவிட்டார்கள். டாக்டர், "பேய்க்குன்னு ஏதாவது கொறைச்சுக்குங்க" என்றார். "இல்லாத சரக்குக்கு எப்படி சார் தள்ளுபடி?" என்றேன். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். ஒத்துக்கொள்வார்.

அக்காவுக்கு என் வணக்கம். நீ எடுக்கிற படமெல்லாம் நன்றாக ஓடட்டும், நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மாமா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் டாக்டர் போன் செய்தார், கேட்ட விலைக்கே சம்மதமாம். வீடு விற்பனைக்கில்லை என்று சொல்லிவிட்டேன். உன் ஆர்ட் டைரக்டர் பித்தளைக் கீல்களை எப்போதோ கூரியரில் அனுப்பிவிட்டார், மேஜைமேல்தான் இருக்கின்றன. மாட்டுவது எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. மாட்டவில்லை. சாயங்காலக் காற்றில் பின்கதவு 'கிரீச்' என்றால் நான் உள்ளேயிருந்து "யாரு?" என்பேன். கடை அடைத்த பிறகு என் வாய்க்கு இருக்கிற பேச்சு அது ஒன்றுதான். ரெண்டாம் பாகத்துக்கு உன் மேனேஜரிடம் இப்போதுதான் பேசி முடித்தேன். பேசியபடி: வாடகை வேண்டாம். ராத்திரிச் சாப்பாட்டை யாரும் வேனில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, கூடத்தில் என்னோடு. பேய்க்கு டயட் கிடையாது. கதையில் வருகிற குடும்பம் கடைசிவரை வீட்டை விட்டுப் போகக் கூடாது. பின்கதவுக் கீலுக்கு யாரும் எண்ணெய் போடக் கூடாது.